பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸ்: சேர்ப்பதும் ஏலத்தில் விற்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காமிக்ஸைச் சொல்கிறீர்கள்? இது எப்போது தொடங்கியது?

1947 செப்டம்பர்–அக்டோபர் தேதியிட்டு வந்த ‘யங் ரொமான்ஸ்’ முதல் இதழ்தான் தொடக்கம். அட்டையில் பிரைஸ் காமிக்ஸ் என்று இருக்கும், பதிப்பகம் க்ரெஸ்ட்வுட். உருவாக்கியவர்கள் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும், அதாவது கேப்டன் அமெரிக்காவைப் படைத்த அதே ஜோடி. இரண்டாம் உலகப் போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது சூப்பர்ஹீரோ கதைகளின் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. ‘ட்ரூ ஸ்டோரி’ போன்ற, பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்வதுபோல் எழுதப்பட்ட பத்திரிகைகள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. அந்தக் கதைகளைப் படங்களாகச் சொன்னால் என்ன என்பது சைமனின் யோசனை. ‘வயது வந்த காமிக்ஸ் வாசகர்களுக்காக’ என்ற அறிவிப்போடு முதல் இதழ் வந்தது.

பதிப்பகத்தோடு அவர்கள் போட்ட ஒப்பந்தம் லாபத்தில் சரிபாதி. அந்தக் காலத்தில் ஓவியர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம் என்பதால் இது பெரிய விஷயம். முதல் இதழ் அச்சடித்ததில் 92 சதவீதம் விற்றுப்போனது என்பது இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. மூன்றாவது இதழுக்குள் அச்சு எண்ணிக்கை மும்மடங்காயிற்று. 1949இல் ‘யங் லவ்’ என்று ஒரு தங்கைப் பத்திரிகையும் வந்தது.

அப்புறம் எல்லாப் பதிப்பகங்களும் பாய்ந்தன. ஃபாசெட், ஃபாக்ஸ், டைம்லி, குவாலிட்டி, செயின்ட் ஜான், டிசி என்று 1949–50இல் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் தலைப்புகள் கடைத் தட்டுகளில் முட்டிமோதின. தட்டில் இடமில்லாமல், 1950இன் நடுவில் பல தலைப்புகள் ஒன்றிரண்டு இதழ்களோடு நின்றுபோயின. தப்பிப் பிழைத்தவை எழுபதுகள் வரை வந்தன. ‘யங் ரொமான்ஸ்’ 208 இதழ்களுக்குப் பிறகு 1975இல் முடிந்தது. ‘யங் லவ்’ 1977இல்.

லட்சக்கணக்கில் அச்சான பத்திரிகை இன்று ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

வாங்கிய பெண்கள் அவற்றைப் படித்தார்கள், அதுதான் காரணம். தோழிகளுக்கு இரவல் கொடுத்தார்கள், விளம்பரக் கூப்பனை வெட்டி அனுப்பினார்கள், திருமணமாகிப் போகும்போது பிறந்த வீட்டில் விட்டுப் போனார்கள். அம்மாக்கள் பழைய பேப்பரோடு போட்டார்கள்.

1960களில் பழைய காமிக்ஸைத் தேடிச் சேர்க்கும் வட்டம் உருவானபோது அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு சூப்பர்ஹீரோ, திகில், அறிவியல் கதைகள்தான் வேண்டியிருந்தன. வியாபாரிகளும் காதல் காமிக்ஸை மலிவுப் பெட்டியில் போட்டார்கள், அல்லது வாங்கவே மறுத்தார்கள். ஒரு சூப்பர்ஹீரோ இதழைக் காப்பாற்ற அறுபது வருடமாக ஆட்கள் இருந்தார்கள். காதல் இதழுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் கிடைப்பதில் பெரும்பகுதி கசங்கியது, கிழிந்தது, பக்கம் போனது. நல்ல நிலையில் ஒரு 1950 இதழ் ஏலத்துக்கு வந்தால் போட்டி கடுமையாக இருப்பது இதனால்தான்.

விலையைத் தீர்மானிப்பது எது? முதல் இதழ் என்றால் போதுமா?

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பழகியவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. அங்கே ஒரு கதாபாத்திரம் முதன்முதலில் வந்த இதழ்தான் தங்கம். காதல் காமிக்ஸில் தொடர்ந்து வரும் கதாபாத்திரமே அநேகமாக இல்லை. ஒவ்வொரு கதையும் தனிக்கதை. ‘யங் ரொமான்ஸ்’ முதல் இதழ் வரலாற்று மதிப்புக்காக விலை போகும், சரி. மற்றபடி பணம் போவது அட்டைப் படத்துக்கும் அதை வரைந்த கைக்கும்தான்.

அந்தக் கைகளில் முதலாவது மேட் பேக்கர். 1921இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். அந்தத் துறையில் கறுப்பினத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த காலம். செயின்ட் ஜான் பதிப்பகத்துக்காக ‘டீன்-ஏஜ் ரொமான்சஸ்’, ‘டைரி சீக்ரெட்ஸ்’, ‘பிக்டோரியல் ரொமான்சஸ்’, ‘வார்டைம் ரொமான்சஸ்’ என்று வரைந்து தள்ளினார். 37 வயதில், 1959இல் இறந்துபோனார். காமிக்ஸ் துறைக்கான ஐஸ்னர் விருதுகளின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2009இல்தான், இறந்து ஐம்பது ஆண்டு கழித்து.

பேக்கரின் அட்டைகளை வரிசையாகப் பாருங்கள். அந்தப் பெண்கள் அழுதுகொண்டு மட்டும் நிற்பதில்லை. சந்தேகப்படுகிறார்கள், கணக்குப் போடுகிறார்கள், அறையின் மறுமூலையில் நடப்பதை ஓரக்கண்ணால் கவனிக்கிறார்கள். சட்டை மடிப்பும் கைவிரல் வைத்திருக்கும் விதமும்கூடக் கதை சொல்லும். உள்ளே இருக்கும் கதைகளில் பலவற்றை எழுதியவர் டேனா டச். அவர் கதைகளில் பெண் தவறு செய்வாள், அதற்காக அழிந்துபோக மாட்டாள். கற்றுக்கொண்டு மேலே போவாள். 1950இல் இது அபூர்வம். செயின்ட் ஜான் இதழ்களின் விலை ஏறிக்கொண்டே போவதற்கு அட்டை அழகு முதல் காரணம் என்றாலும், படித்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப வாங்குவதற்கு டேனா டச் காரணம் என்பது என் எண்ணம்.

மற்ற பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரைஸ் இதழ்களில் சைமனும் கிர்பியும். ஸ்டாண்டர்ட் பதிப்பக இதழ்களில் அலெக்ஸ் டோத். ‘பர்சனல் லவ்’ இதழ்கள் சிலவற்றில் ஃபிராங்க் ஃபிரசெட்டா. குவாலிட்டியின் ‘ஹார்ட் த்ராப்ஸ்’ தொடக்க இதழ்களில் பில் வார்ட். ஃபாக்ஸ் இதழ்களில் இளம் வயது வாலி வுட். டிசியில் 1958 முதல் சுமார் ஏழு வருடம் ஜான் ரொமிட்டா; ஸ்பைடர்மேனை வரையப் போவதற்கு முன் அவர் கை பழகியது இங்கேதான். ஸ்பைடர்மேனின் காதலி மேரி ஜேனின் முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அவருடைய டிசி காதல் அட்டைகளைப் பார்த்தால் போதும்.

அந்தக் காலத்து இதழ்களில் பெரும்பாலும் கையெழுத்தோ பெயரோ இருக்காது. யார் வரைந்தது என்பது பின்னால் ஆய்வாளர்கள் பாணியை வைத்துக் கண்டுபிடித்தது. ‘பேக்கர் அட்டை’ என்று விற்பவர் சொன்னால் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையப் பட்டியலில் ஒருமுறை சரிபாருங்கள். அதில் கேள்விக்குறி போட்டிருந்தால் விலையிலும் அந்தக் கேள்விக்குறி இருக்க வேண்டும்.

புகைப்பட அட்டை இருந்தால் மதிப்புக் குறைவா?

பொதுவாக ஆமாம். ஃபாசெட் போன்ற பதிப்பகங்கள் மாடல்களை வைத்துப் படம் எடுத்து அட்டை போட்டன. அவற்றுக்கு வரைந்த அட்டை அளவு போட்டி இல்லை. சினிமா நட்சத்திரம் இருந்தால் கதை மாறும். ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ 119இல் மர்லின் மன்றோ இருக்கிறார். அதைத் தேடுபவர்களில் பாதிப்பேர் காமிக்ஸ் சேர்ப்பவர்களே இல்லை.

‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ தொடரில் 1 முதல் 67 வரை எங்கே தேடுவது?

தேட வேண்டாம். அப்படி ஒன்று இல்லை. ‘கேப்டன் மிட்நைட்’ என்ற சாகச காமிக்ஸ் 67ஆம் இதழோடு நின்றது. ஃபாசெட் அதன் எண்ணிக்கையைத் தொடர்ந்து 1948இல் 68ஆம் எண்ணோடு ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ஸைத் தொடங்கியது. புதுப் பத்திரிகை என்றால் சலுகைத் தபால் கட்டணத்துக்குப் புதிதாக அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். பழைய எண்ணிலேயே ஓட்டினால் அந்தச் செலவு மிச்சம்.

இந்த வித்தை எல்லாப் பதிப்பகங்களிலும் உண்டு. ஈசி பதிப்பகத்தில் ‘மூன் கேர்ள்’ என்ற சூப்பர்ஹீரோ இதழ் ‘எ மூன், எ கேர்ள்... ரொமான்ஸ்’ என்று காதலுக்கு மாறியது, பிறகு அதே எண்வரிசையில் ‘வியர்ட் ஃபேன்டசி’ என்ற அறிவியல் கதை இதழாயிற்று. ‘சேடில் ரொமான்சஸ்’ அப்படியே ‘வியர்ட் சயின்ஸ்’ ஆனது. ஈசியின் காதல் இதழ்கள் மிகக் குறைவு. ஈசி சேர்ப்பவர்களும் காதல் சேர்ப்பவர்களும் ஒரே பிரதிக்கு மோதுவதால் விலை கூடும். எண்ணை மட்டும் பார்த்து ‘நடுவிலிருந்து ஏதோ ஒரு இதழ்’ என்று மலிவாக விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வாங்குபவருக்கு நல்லது.

‘நீக்ரோ ரொமான்ஸ்’ பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையிலேயே அவ்வளவு அரிதா?

உண்மைதான். தலைப்பு அந்தக் காலத்துச் சொல்லில் இருக்கிறது. 1950இல் ஃபாசெட் மூன்றே இதழ்கள் வெளியிட்டது. கறுப்பின இளைஞர்களும் பெண்களும் மருத்துவமனையில், கல்லூரியில், அலுவலகத்தில் காதலிக்கும் கதைகள். கேலிச் சித்திரமாக ஒருவரையும் வரையவில்லை. எழுதி நடத்தியவர் ராய் ஆல்ட். ஓவியம் ஆல்வின் ஹாலிங்ஸ்வொர்த், அவரும் கறுப்பினக் கலைஞர். ஃபாசெட் காமிக்ஸை விட்டு விலகிய பின் சார்ல்டன் பதிப்பகம் 1955இல் 4 என்று எண்ணிட்டு ஓர் இதழ் போட்டது.

கிழிந்த பிரதி வந்தால்கூட ஏலத்தில் கூட்டம் சேரும். இந்தப் பிரதி உங்கள் கையில் இருந்தால் தெரிந்த வியாபாரி சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய ஏல நிறுவனத்தில் தனி ஏலப் பொருளாக வைக்க வேண்டியது இது.

1955க்கு முன், பின் என்று பிரித்துப் பேசுகிறார்களே, ஏன்?

1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பகங்கள் தாங்களே ஒரு தணிக்கை விதியை உருவாக்கின. 1955 தொடக்கம் முதல் அட்டையின் மூலையில் அந்த அங்கீகார முத்திரையைப் பார்க்கலாம்.

திகில் காமிக்ஸ் செத்தது எல்லோருக்கும் தெரியும். காதல் காமிக்ஸும் ரத்தம் இழந்தது. திருமணத்தின் புனிதத்தைக் காக்க வேண்டும், விவாகரத்தைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது, பெற்றோருக்கு மரியாதை வளர்க்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். அதற்கு முன் வந்த கதைகளில் வேலை, வர்க்கம், குடிகாரத் தகப்பன், போரிலிருந்து மாறிப்போய்த் திரும்பிய கணவன் எல்லாம் உண்டு. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலும் கண்ணீர், சமாதானம், மோதிரம். முத்திரைக்கு முந்தைய இதழுக்குச் சந்தை அதிகம் கொடுப்பது நியாயமானது.

அப்படியானால் அறுபது, எழுபதுகளின் இதழ்களைத் தொட வேண்டாமா?

தொடலாம். கையில் குறைந்த பணத்தோடு தொடங்குபவருக்கு அதுதான் சரியான இடம். சார்ல்டன் இதழ்கள் மலிவாகக் கிடைக்கும். அச்சு மோசம், காகிதம் மோசம், ஆனால் அவற்றில் ‘சம்மர் லவ்’ மாதிரி பீட்டில்ஸ் இடம்பெற்ற இதழ்கள் இசை ரசிகர்களால் விலை ஏறியவை.

டிசி 1971இல் வெளியிட்ட ‘தி டார்க் மேன்ஷன் ஆஃப் ஃபர்பிடன் லவ்’, ‘தி சினிஸ்டர் ஹவுஸ் ஆஃப் சீக்ரெட் லவ்’ இரண்டும் பாழடைந்த மாளிகை, வெள்ளை உடைப் பெண், மர்மம் என்ற வகை. இவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. மார்வெலின் ‘அவர் லவ் ஸ்டோரி’ ஐந்தாம் இதழில் ஜிம் ஸ்டெராங்கோ வரைந்த ஒரு கதை இருக்கிறது; வண்ணத்தை அவர் பயன்படுத்தியிருக்கும் விதத்துக்காகவே வாங்கலாம்.

எழுபதுகளில் விலை உயர்ந்தது என்றால் 1971இல் வந்த டிசியின் 100 பக்க ‘லவ் ஸ்டோரீஸ்’ சிறப்பிதழ், அந்த வரிசையில் எண் 5. நல்ல பிரதி மிக அரிது. கவனம்: இதற்குப் பின்னாளில் டிசியே அச்சு அசலாக ஒரு மறுபதிப்பு வெளியிட்டது. உள்பக்கத்தில் பதிப்பு விவரத்தைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

லிக்டென்ஸ்டைன் ஓவியங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ராய் லிக்டென்ஸ்டைன், காமிக்ஸ் படங்களைப் பெரிதாக்கி வரைந்த அமெரிக்க பாப் ஓவியர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ட்ரவுனிங் கேர்ள்’ (1963), டிசியின் ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ 83ஆம் இதழில் (நவம்பர் 1962) டோனி அப்ருஸோ வரைந்த ஒரு கட்டத்திலிருந்து எடுத்தது. 12 சென்ட் பத்திரிகை அது. லிக்டென்ஸ்டைனின் இன்னொரு காதல் காமிக்ஸ் ஓவியம் 2010இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. கட்டத்தை வரைந்தவர்களுக்கு அதில் ஒரு சென்ட்டும் இல்லை, பல வருடம் பெயர்கூட இல்லை. எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம். அந்த மூல இதழ்களை வாங்குபவர்கள் அதிகமாகி, அப்ருஸோவின் பெயர் ஏலப் பட்டியல்களில் அச்சாவதையாவது பார்க்க முடிகிறது.

விற்பவராக உங்களுக்கு இதில் பாடம் உண்டு: ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’, ‘கேர்ள்ஸ் ரொமான்சஸ்’ இதழ்கள் கையில் இருந்தால் எந்தக் கட்டம் எந்த ஓவியமானது என்ற பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையைப் பார்த்து இந்த மதிப்பு தெரியவே தெரியாது.

ஒரு பிரதியை வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பக்கங்களை எண்ணுங்கள். அந்தக் கால இதழ் அட்டையோடு சேர்த்து 36 பக்கம் அல்லது 52 பக்கம். நடுத்தாள் கழன்று போயிருப்பது மிகச் சாதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்து கூப்பன். காதல் இதழ்களில் விளம்பரங்கள் அதிகம்: எடை குறைக்கும் மருந்து, முகப்பரு களிம்பு, தபாலில் வரும் உடை. கூப்பனை வெட்டியிருந்தால் மறுபக்கத்தில் கதையின் ஒரு துண்டும் போயிருக்கும். ‘நீ எப்படிப்பட்ட காதலி’ வகைக் கேள்விப் பக்கங்களைப் பென்சிலில் நிரப்பியிருப்பார்கள். கூப்பன் வெட்டு மதிப்பைப் பெரிதாக வெட்டும். பென்சில் குறி கொஞ்சம்தான் குறைக்கும். அதை அழிக்கப் போய் காகிதத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ‘அவன் பொய் சொல்கிறான்’ என்று ஓரத்தில் எழுதிவைத்த பிரதியை நான் சுத்தமான பிரதிக்கு மாற்றிக்கொள்ள மாட்டேன். ஏலத்தில் அந்த வாதம் எடுபடாது என்பது வேறு.

பிறகு முதுகு மடிப்பில் கிழிசல், ஸ்டேபிள் பின்னில் துரு, ஒட்டிய செல்லோ டேப், அட்டை ஸ்டேபிளிலிருந்து கழன்றிருக்கிறதா என்பவை. கடைசியாகக் காகிதம். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் உண்டு. வெள்ளை, வெளிர் மஞ்சள், பழுப்பு என்று இறங்கி, இறுதியில் விரல் பட்டாலே உதிரும் நிலைக்கு வரும். பழுப்பு வரை பரவாயில்லை. உதிரும் பிரதியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

தரமதிப்பு எண் போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதுதான் ஸ்லாப், அவசியமா?

ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் சிஜிசி நிறுவனம்தான் இதில் பெரியது. பிரதியை ஆராய்ந்து, 0.5 முதல் 10 வரை எண் கொடுத்து, திறக்க முடியாத பெட்டியில் அடைத்துத் தருவார்கள். நீலச் சீட்டு என்றால் சாதாரணப் பிரதி. ஊதாச் சீட்டு என்றால் பழுதுபார்த்தது: நிறம் தீட்டியது, ஓரம் வெட்டியது, கிழிசலுக்குத் துண்டு வைத்து ஒட்டியது. ஊதாச் சீட்டு விழுந்தால் விலை கணிசமாக இறங்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் மடிப்பு நீக்குவதை மட்டும் சிஜிசி பழுதுபார்ப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

விலை உயர்ந்த இதழுக்கு ஸ்லாப் வேண்டும். வாங்குபவர் பிரதியைத் தொட்டுப் பார்க்க முடியாத இணைய ஏலத்தில், பக்கம் முழுதாக இருக்கிறது, நிறம் தீட்டவில்லை என்பதற்கு அதுவே உறுதி. மலிவான இதழுக்கு வேண்டாம். கட்டணம், போகவர அஞ்சல் செலவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் பிரதியின் விலையைத் தாண்டிவிடும். காதல் காமிக்ஸில் 4.0, 5.0 என்பதை அலட்சியப்படுத்தாதீர்கள். பல செயின்ட் ஜான், ஃபாக்ஸ் இதழ்களுக்கு அதுவே கிடைப்பதில் நல்ல பிரதியாக இருக்கும். சிஜிசி இதுவரை எத்தனை பிரதிகளுக்கு என்ன எண் கொடுத்தது என்ற கணக்கை இலவசமாகவே பார்க்கலாம். ஏலம் கேட்கும் முன் அதைப் பார்க்காதவர் அதிகம் கொடுப்பார்.

25 சென்ட் விலை போட்ட தடிமனான ‘ஜயன்ட்’ இதழ்கள் என்ன வகை?

விற்காமல் திரும்பி வந்த இதழ்களின் அட்டையை நீக்கி, நான்கைந்தைச் சேர்த்துப் புது அட்டைக்குள் ஒட்டி விற்றவை. ஃபாக்ஸும் செயின்ட் ஜானும் இதைச் செய்தன. ஒரே அட்டைக்குள் வேறு வேறு பிரதிகளில் வேறு வேறு கதைகள் இருக்கலாம்; அதனால் விற்பவரிடம் உள்ளடக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘டைரி சீக்ரெட்ஸ்’ என்ற பேக்கர் அட்டையோடு 1950இல் வந்த செயின்ட் ஜான் ஜயன்ட் 12ஆம் எண், இந்தத் துறையில் பலருடைய கனவுப் பிரதி. தடிமன் காரணமாக முதுகு விரிந்துபோகும், ஆகவே நல்ல நிலையில் கிடைப்பது கடினம்.

ஏலத்தில் வாங்குவது எப்படி நடக்கிறது?

டல்லஸில் இருக்கும் ஹெரிட்டேஜ், நியூயார்க்கின் காமிக்கனெக்ட், இணையத்தில் நடக்கும் காமிக்லிங்க், பென்சில்வேனியாவின் ஹேக்ஸ் என்று சில இடங்கள். இவை போக ஈபே. நீங்கள் கொடுக்கத் தயாரான உச்ச விலையைப் பதிந்துவைத்தால், மற்றவர் கேட்கக் கேட்க உங்களுக்காகக் கணினி படிப்படியாக ஏற்றிக் கேட்கும்.

வாங்குபவர் கட்ட வேண்டிய கூடுதல் கட்டணத்தை மறக்காதீர்கள். சில நிறுவனங்களில் ஏலம் முடிந்த விலைக்கு, அதாவது சுத்தியல் விலைக்கு மேல் 20 சதவீத அளவில் இருக்கும், சிலவற்றில் இல்லை. 500 டாலருக்கு ஏலம் எடுத்து 600 கட்டுகிற நிலை. ஒரே பிரதி இரண்டு இடத்தில் விற்ற விலையை ஒப்பிடும்போதும் இந்தக் கட்டணம் சேர்ந்ததா, சேராததா என்று பாருங்கள்.

இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கேட்பவர்கள் அஞ்சல், காப்பீடு, சுங்கம் மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டு, மீதியைத்தான் உச்ச விலையாக வைக்க வேண்டும். அமெரிக்காவில் உறவினர் வீடு இருந்தால் அங்கே அனுப்பச் சொல்லி, பல பிரதிகளை ஒன்றாக வரவழைப்பது மிச்சம்.

என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எப்படி விற்பது?

பிரியுங்கள். இதுதான் முதல் வேலை, இதில்தான் பணம் இருக்கிறது. பேக்கர், டோத், ஃபிரசெட்டா, கிர்பி, ஈசி, லிக்டென்ஸ்டைன் மூலங்கள், ‘நீக்ரோ ரொமான்ஸ்’ ஆகியவை தனித்தனியாக. நல்ல நிலையில் இருக்கும் முத்திரைக்கு முந்தைய இதழ்கள் தனியாகவோ, இரண்டு மூன்றாகவோ. மீதியைத் தொகுப்பாக. பெட்டியோடு தூக்கிக் கொடுத்தால் வாங்கும் வியாபாரி அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்து லாபத்தை எடுத்துக்கொள்வார். அது அவர் தொழில், குறை சொல்ல முடியாது.

ஏல நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: உங்களிடம் பிடிக்கும் கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்ச விலை வைக்கலாமா, விற்காமல் போனால் கட்டணம் உண்டா, பணம் எப்போது வரும். ஏலம் முடிந்து கைக்குப் பணம் வர ஒன்றரை மாதம் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஈபேயில் சீக்கிரம் வரும். அங்கே மொத்தக் கட்டணம் 13 சதவீதத்தைச் சுற்றி இருக்கும், படம் எடுப்பது, விவரம் எழுதுவது, கட்டி அனுப்புவது எல்லாம் உங்கள் தலையில்.

ஹெரிட்டேஜ் போன்ற இடங்களில் வாராந்திர இணைய ஏலம் உண்டு, ஆண்டில் சில முறை பெரிய சிறப்பு ஏலமும் உண்டு. நடுத்தர விலைக் காதல் இதழ் சிறப்பு ஏலத்தில் சூப்பர்ஹீரோ கூட்டத்தில் தொலைந்துபோகும். வாராந்திரத்தில் அதைத் தேடி வருபவர் கண்ணில் படும். ஒரே தலைப்பில் பத்துப் பிரதி இருந்தால் ஒரே வாரத்தில் கொட்ட வேண்டாம். இந்தத் துறையில் தீவிரமாகக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு பேர் ஒரே பிரதியை விரும்பினால்தான் விலை ஏறும், பத்துப் பிரதி வந்தால் ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டு சமாதானமாகப் போய்விடுவார்கள்.

விவரத்தில் ஓவியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, குறைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பின் அட்டையின் படம் போடாத விற்பனையாளரை யாரும் நம்புவதில்லை.

கனடாவில் அச்சான பிரதி என்கிறார்களே?

1940களின் இறுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாகக் கனடாப் பதிப்பகங்கள் அமெரிக்க இதழ்களை அங்கேயே மறுஅச்சிட்டன. அச்சு எண்ணிக்கை குறைவு என்றாலும் வாங்குபவர்களும் குறைவு. அசல் அமெரிக்கப் பிரதி என்று நினைத்து வாங்கி ஏமாறாமல், முதல் பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பு வரிகளைப் படியுங்கள்.

நம் ஊர் வெக்கையில் எப்படிப் பாதுகாப்பது?

அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து, மைலார் (பாலியஸ்டர்) உறையில் போட்டு, பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். லாமினேஷன் செய்தால் அதோடு மதிப்பு முடிந்தது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரம்தான் எதிரி: ஸ்டேபிள் பின் துருப்பிடிக்கும், பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சி வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, பரண், குளியலறைக்குப் பக்கத்துச் சுவர் மூன்றும் கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். அந்துருண்டை வாசம் காகிதத்தில் ஏறினால் போகாது. வாங்குபவர் முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்.

லாபத்துக்கு வரி உண்டா?

அமெரிக்காவில் வரி கட்டுபவர் என்றால் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு மத்திய அரசின் வரி உச்சமாக 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கான சலுகை விகிதம் இதற்கில்லை. வாங்கிய ரசீதை வைத்திருங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டுக் கணக்காளரைக் கேட்கவும்.

எனக்கு விற்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். படிக்க மட்டும் ஆசை. வழி உண்டா?

உண்டு, செலவே இல்லாமல். செயின்ட் ஜான், ஃபாக்ஸ், குவாலிட்டி முதலிய மூடப்பட்ட பதிப்பகங்களின் பல இதழ்களுக்குக் காப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை. அவை இன்று பொதுச்சொத்து. டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் பிளஸ் இரண்டிலும் ஆர்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். ‘டீன்-ஏஜ் ரொமான்சஸ்’ஸில் தொடங்குங்கள். டிசி, மார்வெல் இதழ்கள் அங்கே இருக்காது; அவற்றின் உரிமை உயிரோடு இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். முதல் டாலர் செலவழிக்கும் முன் ஒரு நூறு கதையாவது படியுங்கள். பேக்கரின் கோடும் அவரைப் பார்த்து வரைந்தவர் கோடும் எங்கே பிரிகின்றன என்று அதற்குள் உங்கள் கண்ணுக்கே பிடிபடும்; ஏலப் பட்டியலில் யாரோ எழுதிவைத்த பெயரை நம்பி நிற்க வேண்டியிருக்காது.